பச்சைப் பட்டையின் கீழ் நாற்பத்தொன்று

தௌபிக் கொடுத்த துண்டுச்சீட்டு அருளப்பனின் சட்டைப்பையில் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. கருத்தரங்கக் கூடத்து ஏசி குளிரையெல்லாம் மேடைக்கு அனுப்பிவிட்டுக் கடைசி வரிசைக்குத் தண்ணீரை மட்டும் சொட்டியது, அதுவும் அவன் தோளுக்கு ஒரு சாண் தள்ளி, சரியாகக் காலி நாற்காலியின்மேல், யாரோ வந்து உட்காரட்டும் என்று காத்திருப்பதுபோல. வாசலில் வைத்துத்தான் தௌபிக் அந்தச் சீட்டைத் திணித்தான். அவன் முதலாண்டு ஆய்வு மாணவன். உமையாளின் வைவாவுக்கு மாலை, மைக், டீ, சமோசா எல்லாம் அவன் பொறுப்பு, கேள்விகளும் அவன் பொறுப்பு. "அண்ணே, உங்களுக்கு மூணாவது கேள்வி. ஈஸியாத்தான் போட்டிருக்கேன், பார்த்து வாசிச்சாப் போதும்." கேள்வியையும் நீங்களே சமைச்சுப் பரிமாறுறீங்களாடா என்று கேட்டதற்கு, "பின்ன? வெளியிலேர்ந்து வாங்கினா வயித்துக்கு ஒத்துக்காதுண்ணே" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் வந்திருக்கும் யாரும் எதையும் கேட்கலாம் என்பது பல்கலைக்கழகச் சட்டம். அதனால் யார் எதைக் கேட்கவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவது இந்தத் துறையின் வழக்கம். அருளப்பனும் இத்தனை வருஷத்தில் எத்தனையோ சீட்டுகளை வாசித்திருக்கிறான், வாசித்துவிட்டு, பதில் வந்ததும் தெளிவடைந்தவன்போலத் தலையாட்டி உட்கார்ந்திருக்கிறான், அந்தத் தலையாட்டலை இப்போது நினைத்தாலும் கழுத்து கூசுகிறது. இன்றைய சீட்டில் இங்கிலீஷில் ஒரே வரி. இந்த ஆய்வினால் வருங்கால நோயாளிகளுக்கு என்ன பயன்? படித்தவுடன் அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்ததில் இருமலாகி, முன்வரிசையில் பட்டுப்புடவையில் இருந்த உமையாளின் அம்மா திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மாளையும் பிடிக்கவில்லை. பக்கத்தில் செல்போனை நெட்டுக்குத்தாகப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்த, காரைக்குடியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அவள் அப்பாவையும் பிடிக்கவில்லை. மல்லிகை வாசனையும் சமோசா எண்ணெய் வாசனையும் கலந்து வந்த அந்தக் காற்றே பிடிக்கவில்லை.

மேடையில் பேராசிரியர் தில்லைநாயகம் பொன்னாடையை மடித்து மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொன்னாடையைக் கழற்றி மேஜைமேல் வைப்பார்கள், அல்லது நாற்காலியில் போடுவார்கள், இந்த மனிதர் மட்டும் பூனையை வைத்திருப்பதுபோல மடியில் வைத்துத் தடவுவார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாலும் இப்படித்தான் தடவினார், உயிர்த்தகவலியல் துறை தொடங்கிய முதல் வருஷம், அருளப்பன் முதல் அணி மாணவன். அப்போது முடி கறுப்பாக இருந்தது, பேச்சு இதே பேச்சு. உயிரியலுக்கும் கணினிக்கும் கல்யாணம் நடந்திருக்கிறது, பிறக்கப்போகிற பிள்ளை உலகத்தை ஆளும், நீங்களெல்லாம் அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்க்கப்போகிறவர்கள். தூக்கி வளர்த்தவர்கள் இன்று எங்கே? சந்தானம் வங்கியில் குமாஸ்தா. பாண்டிமீனா பெங்களூரில் மென்பொருளில் பிழை பார்க்கிறாள், எந்த மென்பொருள் என்று அவளுக்கே மாதத்துக்கு மாதம் மாறும். ஒருவன் அமெரிக்கா போனான், அந்த ஒருவனின் படம்தான் வருஷாவருஷம் சேர்க்கை அறிவிப்பில் வரும், மற்றவர்களெல்லாம் அந்தப் படத்துக்குப் பின்னால் நிற்கிறார்கள், தெரியமாட்டார்கள். அருளப்பன் தனியார் கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறான், அதே கல்யாணக் கதையைச் சொல்கிறான், அவன் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் மருத்துவக் குறியீட்டு வேலைக்குப் போய், யாரோ ஒரு வெள்ளைக்காரனின் முழங்கால் வலிக்கு என்ன எண் என்று ராத்திரியெல்லாம் தேடி எழுதுகிறார்கள். ஒருத்தி பஸ் ஸ்டாண்டில் பார்த்து, "சார், டிஎன்ஏ எப்படி மடங்கும்னு மூணு மாசம் நடத்துனீங்க, இப்ப இன்சூரன்ஸ் எப்படி மடங்கும்னு நான் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் சிரித்ததுதான் தாங்கமுடியவில்லை. அதற்குப் பிறகும் பகுதிநேர ஆய்வுக்கு இதே தில்லைநாயகத்திடம்தான் வந்து சேர்ந்தான், வேறு போக்கிடம் இல்லை, டாக்டர் பட்டம் இல்லாவிட்டால் கல்லூரியில் கழற்றிவிடுவோம் என்றார்கள். ஆக, மடியில் இருக்கும் பூனையை இவனும்தான் தடவியிருக்கிறான்.

உமையாள் பேச ஆரம்பித்திருந்தாள். நல்ல குரல், திருத்தமான இங்கிலீஷ், ஓர் எழுத்துகூட இடறவில்லை, கண்ணாடிமுன் நின்று பழகியிருப்பாள். அவள் எது சொன்னாலும் சிவப்பு ஒளிப்புள்ளி திரையில் போய் அதைத் தொட்டுக் காட்டியது. மார்பகப் புற்றுநோய், ஒரே மருந்து, சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை, யாருக்குக் கேட்கும் என்பதை முன்கூட்டியே கட்டியின் ஒரு துளியிலிருந்து சொல்லிவிடலாம், இருபத்துமூன்று மரபணுக்கள் போதும். ராவ் தலையாட்டினார். ஹைதராபாத்திலிருந்து வந்திருக்கும் தேர்வாளர், காலையில் ரயிலடியிலிருந்து தௌபிக்தான் கூட்டிவந்தான், ஆட்டுக்கால் சூப் கிடைக்குமா என்று கேட்டாராம். அடுத்த படம் எது என்று அருளப்பனுக்குத் தெரியும். வந்தது. ஹீட் மேப். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நெடுங்கோடு, ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரு படுக்கைக்கோடு, நடுவே ஆயிரத்துக்கு மேல் குட்டிக் கட்டங்கள், தறியில் பாதி நெய்த கண்டாங்கி மாதிரி. தலைக்குமேல் ஒரு பட்டை, பிழைத்தவர்களுக்குப் பச்சை, போனவர்களுக்குச் சிவப்பு. அடியில் எறும்பு வரிசையாக நோயாளி எண்கள். இத்தனை தூரத்திலிருந்து யாருக்கும் எண் தெரியாது. அவனுக்குத் தெரியும், இடமிருந்து எங்கே என்று தெரியும், கண்ணை மூடினாலும் தெரிகிறது, பச்சைப் பட்டை முடிவதற்குச் சற்று முன்னால், நாற்பத்தொன்று. நர்ஸ் அந்த எண்ணைக் குப்பியில் ஒட்டும்போது பக்கத்தில் நின்றான். ரெஜினா கட்டிலில் சாய்ந்தபடி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "ஏங்க, என் வயச யாரு இவுகளுக்குச் சொன்னது?" அந்த வருஷம் அவளுக்கு நாற்பத்தொன்று. நர்ஸும் சிரித்துவிட்டாள். அதற்கு முந்தின நாள்தான் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடச்சொல்லி இவன் அவளோடு மல்லுக்கட்டினான், தில்லைநாயகத்துக்குக் கட்டித் துணுக்குகள் வேண்டியிருந்தன, உன் வீட்டுக்காரியையும் சேர்த்துக்கொள்ளலாமே அருளப்பா என்று சொல்லியிருந்தார். "இதுல எனக்கென்ன பிரயோஜனம்?" என்றாள் ரெஜினா. உனக்கு இல்ல ரெஜி, பின்னால வர்றவங்களுக்கு. அவள் பேனாவை வாங்கிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பின்னால வர்றவளுக்கா? அதுக்குள்ள ஆளே பாத்தாச்சா?" போட்டாள், கையெழுத்து கோணலாக விழுந்தது, ஊசி ஏறியிருந்த கை. மறுவருஷம் மழைக்காலத்தில் அவளை அடக்கம் செய்தார்கள், குழி தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறி, வாளியால் இறைத்துவிட்டு இறக்கவேண்டியிருந்தது.

போன வாரம் உமையாள் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அண்ணன்மாரே அக்காமாரே பிழை இருந்தால் சொல்லுங்கள் என்று கும்பிடு பொம்மையும் போட்டிருந்தாள். அன்றைக்குத்தான் பார்த்தான். முதலில் வந்தது கோபமோ துக்கமோ இல்லை, அதைத்தான் அவனால் மன்னிக்கமுடியவில்லை. முதலில் வந்தது ஒரு குளிர்ச்சி. பச்சை. அவள் நிற்கிறாளா என்று அடுப்படிக்குள் போய்ப் பார்க்கத் தோன்றியது. போகவும் போனான், வெறும் காலோடு, காய்ந்த பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தான். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணின் புருஷன் வார்டில் வந்து கத்தியது, ரெஜினா அதைக் கைகால் ஆட்டி நடித்துக் காட்டியது. "எம்பொண்டாட்டி என்ன எலியாடா, குடுத்த கையெழுத்தத் திருப்பிக் குடு!" அந்தப் பெண்ணின் எண் பத்தொன்பது. மருத்துவமனை சரியாகத்தான் செய்தது, அவர்களுடைய கோப்பிலிருந்து பத்தொன்பதை வரியோடு எடுத்துவிட்டது. பல்கலைக்கழகத்துக் குளிர்ப்பெட்டியில் குப்பியை யாரும் எடுக்கவில்லை. ஆக, யார் பிழைத்தார், யார் போனார் என்ற கோப்பில் ஒரு ஆள் குறைவு, மரபணுக் கோப்பில் குறைவில்லை, இரண்டையும் எண் பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டிவிட்டார்கள். அவ்வளவுதான். பந்தியில் நடுவே ஒருவன் எழுந்துபோக, இலையை எடுக்காமல் ஆட்கள் மட்டும் ஒவ்வொரு இடமாக நகர்ந்து உட்கார்ந்த மாதிரி, பத்தொன்பதிலிருந்து எல்லாருக்கும் அடுத்தவரின் இலை. கடைசியில் அறுபத்துநாலாவது குப்பிக்கு ஆள் இல்லை. அங்கேயாவது யாராவது நின்று யோசித்திருக்க வேண்டாமா? அறுபத்துநாலாவது மாதிரி தரம் குறைந்திருந்ததால் நீக்கப்பட்டது என்று ஆய்வேட்டில் அடிக்குறிப்பு போட்டிருக்கிறது. குப்பியைக் குப்பையில் போட்டுக் கணக்கை நேர் செய்துவிட்டார்கள். ஆக, ரெஜினா நாற்பத்திரண்டாம் ஆளின் உயிரை உடுத்திக்கொண்டு பச்சையில் நிற்கிறாள், இரவல் புடவை. நாற்பது யாரோ ஒருத்தி, எந்த ஊரோ, இந்நேரம் பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கலாம், அவள் ரெஜினாவின் சாவைத் தூக்கிக்கொண்டு சிவப்பில் நிற்கிறாள். எண் மாறினால் கணினி நிரல் முகம் சுளிக்குமா? சுளிக்காது. எதைக் கொட்டினாலும் அதில் ஒரு கோலம் கண்டுபிடித்துக் கொடுக்கும், இருபத்துமூன்று புள்ளிக் கோலம். அதைத்தான் பெங்களூர்க் கம்பெனி வாங்கியிருக்கிறது, பரிசோதனைப் பெட்டியாகப் போடப்போகிறது, உமையாளுக்கு அங்கேயே வேலை, பட்டம் கைக்கு வந்த மறுநாள் சேரவேண்டும். இனி எவளோ ஒருத்தி கட்டிலில் சாய்ந்து கிடப்பாள், பெட்டி சொல்லும், இவளுக்கு மருந்து கேட்கும் என்று. அல்லது கேட்காது, வீண், வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று. பின்னால வர்றவ. வந்துகொண்டிருக்கிறாள்.

நேற்றுச் சாயங்காலம் தில்லைநாயகத்தின் அறைக்குப் போனான். நின்றுகொண்டே சொன்னான், உட்காரச் சொல்லவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பவும் கழற்றினார். "ஒண்ணு ரெண்டு மாறத்தான்ப்பா செய்யும். பயாலஜி அது, கணக்குப் பாடமா?" ஒண்ணு ரெண்டு இல்ல சார், பத்தொன்பதுக்கு அப்புறம் எல்லாமே. "வைவா முடியட்டும். அப்புறம் உட்கார்ந்து பேசுவோம்." பிறகு, அதே மூச்சில், மேஜையின் ஓரத்தில் இருந்த, அவனுடைய ஆய்வேட்டுச் சுருக்கம் அடங்கிய உறையை விரலால் தட்டினார். "உன் சினாப்சிஸ் கூட இங்கதான் கிடக்கு, கையெழுத்துக்கு. எத்தனை வருஷம் இழுத்துட்ட, பாவம்." அந்தப் பாவம் என்ற சொல்லை அவன் பஸ்ஸில் வரும்போது மென்றான், படுக்கையில் மென்றான், இப்போதும் பல்லிடுக்கில் இருக்கிறது. நாற்பத்தெட்டு வயதில் கல்லூரியிலிருந்து கழற்றிவிட்டால் எங்கே போவது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முழங்கால் வலிக்கு எண் தேடவா? தேடலாம். முழங்கால் வலியை வயிற்றுவலி என்று எழுதாமலாவது இருக்கலாம். இல்லை, இதெல்லாம் வீராப்பு, பயமாக இருக்கிறது. பேசாமல் சீட்டை வாசித்துவிட்டால் என்ன, யார் கேட்டார்கள், ரெஜினாவா எழுந்து வந்து கேட்கப்போகிறாள்? அவள்தான் பச்சையில் சௌகரியமாக இருக்கிறாளே, இவன் எதற்கு அவளைப் பிடித்து இழுத்து மறுபடியும் அந்தத் தண்ணீர்க் குழிக்குள் இறக்கவேண்டும், வாளியால் இறைத்து இறைத்து. எல்லாவற்றையும்விட இந்த உமையாள். அவளுடைய கைடு தில்லைநாயகம் அவளிடம் சொல்லாமல் இருந்திருப்பாரா? நேற்றே சொல்லியிருப்பார். தெரிந்துகொண்டுதான் நிற்கிறாள், இந்தக் குரலோடு, இந்த நிமிர்ந்த கழுத்தோடு, தெரிந்துகொண்டே ஒளிப்புள்ளியைப் பச்சைமேல் ஓட்டுகிறாள். பிணத்துக்குப் பொட்டு வைத்துப் பெண்பார்க்கக் கூட்டிவந்தவள். அவளுக்கு வேலை, அப்பனுக்கு வீடியோ, கைடுக்குப் பொன்னாடை, ராவுக்கு ஆட்டுக்கால் சூப். கைதட்டினார்கள். முடிந்துவிட்டது போலிருக்கிறது.

முதல் கேள்வியை யாரோ ஒரு பெண் வாசித்தாள், பதில் கேள்விக்கு முன்னாலேயே தயாராக நின்றது. இரண்டாவதைத் தௌபிக்கே கேட்டான், தானே எழுதிய கேள்வியை மறந்ததுபோல நெற்றியைச் சொறிந்து நடித்தான், சின்னச் சிரிப்பு பரவியது. பிறகு மைக் வரிசை வரிசையாகக் கைமாறி வந்து அருளப்பனின் முழங்கையை இடித்தது. எழுந்தபோது நாற்காலி சத்தம் போட்டது. சட்டைப்பையில் விரல் போய்ச் சீட்டைத் தொட்டது, மை கரைந்து விரலில் ஒட்டியது, அதைப் பார்த்துத் தௌபிக் கீழே குனிந்து, "அண்ணே, வருங்கால நோயாளி, வருங்கால நோயாளி" என்று முணுமுணுத்தான்.

"அந்த ஹீட் மேப்பைத் திரும்பப் போடும்மா." தமிழில்தான் வந்தது. "நாற்பத்தொண்ணாம் நம்பர் எப்படி இருக்காங்க?"

தில்லைநாயகத்தின் கை பொன்னாடைமேல் நின்றது. ராவ் அவர் பக்கம் சாய்ந்து என்ன கேட்கிறார் என்றார். நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்த விதம் பற்றிக் கேட்கிறார் என்று பேராசிரியர் இங்கிலீஷில் அழகாகச் சொன்னார்.

உமையாள் படத்தைப் போட்டாள், எண்ணைத் தேடினாள், சிவப்புப் புள்ளி போய் நின்றது. சீட்டில் இல்லாத கேள்வி என்றாலும் அவள் முகம் மாறவில்லை, இவன் தமிழில் கேட்டதால் அவளும் தமிழுக்கு வந்தாள். "நல்லா இருக்காங்கண்ணே. மருந்துக்கு நல்லா கேட்டிருக்கு. அஞ்சு வருஷம் தாண்டியும் நோய் திரும்பல."

இப்படி ஒரு வாக்கியத்துக்காக எத்தனை வராந்தாக்களில் நின்றிருக்கிறான். எந்த டாக்டர் வாயிலிருந்தும் வராதது, இத்தனை பேர் முன்னால், ஒலிபெருக்கியில், ஒரு படித்த பெண்ணின் வாயிலிருந்து வந்துவிட்டது. உட்கார்ந்துவிடலாம், இதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

"இன்னொரு தடவை சொல்லும்மா. பின்னால கேக்கல."

அவள் சிரித்தபடி மைக்கை வாயருகே இழுத்து, வயதானவருக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "நாற்பத்தொண்ணு, நல்லா, இருக்காங்கண்ணே."

முழுக்கக் கேட்டுக்கொண்டான். கடைசி எழுத்தின் எதிரொலி அடங்கும்வரை கேட்டுக்கொண்டான். பிறகு, "இல்லம்மா, இறந்துட்டாங்க" என்றான். "என் வீட்டுக்காரி அது. லேபிள் ஒட்டும்போது நான் பக்கத்துல நின்னேன். அடக்கம் பண்ணும்போதும் நின்னேன்."

"அருளப்பா, உட்காரு." தில்லைநாயகம் மைக் இல்லாமலே பேசினார், அவருக்கு எப்போதும் தேவைப்பட்டதில்லை. "எல்லாருக்கும் வருத்தம்தான். எமோஷனல் ஆகாத, டீ வருது, உட்காரு."

"பத்தொன்பதாம் நம்பர் கையெழுத்தை வாபஸ் வாங்கிட்டாங்க சார். ஆஸ்பத்திரி அவங்க வரியை எடுத்துடுச்சு. நம்ம குப்பியை எடுக்கல. அதுலேர்ந்து எல்லாருக்கும் அடுத்தவங்க முடிவு விழுந்திருக்கு. நேத்தே சொன்னேனே சார் உங்ககிட்ட."

சொல்லிவிட்டு உமையாளைப் பார்த்தான். அந்த நிமிர்ந்த கழுத்து வளைவதைப் பார்க்கவேண்டும் என்று இருந்தது, வாரம் முழுக்க அதற்காகவே பல்லைக் கடித்திருந்தான். அவள் இவனைப் பார்க்கவே இல்லை. திரும்பித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புப் புள்ளி நாற்பத்தொன்றிலிருந்து நகர்ந்து நாற்பதைத் தேடிப் போனது, அங்கிருந்து பத்தொன்பதுக்கு, பிறகு வரிசையின் கடைசிக்கு, கட்டங்கள் முடிந்து வெறும் வெள்ளை தொடங்கும் இடத்துக்கு. அங்கே போய் நின்றது. அவள் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. இவளுக்குத் தெரியாது. யாரும் இவளுக்குச் சொல்லவில்லை. சேர்த்து வைத்திருந்த வெறுப்பையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அருளப்பன் நின்றான். முன்வரிசையில் அவள் அப்பா இன்னும் செல்போனைத் தாழ்த்தவில்லை.

உமையாள் கையிலிருந்த மைக் அணைக்கப்படவில்லை. அவள் கேட்டது ரொம்பச் சின்னக் குரலில்தான், ஆனால் கூடத்தின் நாலு மூலையிலும் விழுந்தது.

"சார், அறுபத்துநாலாவது குப்பி கெட்டுப்போச்சு, தூக்கிப் போட்டுடுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

ராவ் மறுபடியும் தில்லைநாயகத்தின் பக்கம் சாய்ந்தார், என்ன கேட்கிறாள் என்றார். இந்த முறை பேராசிரியர் மொழிபெயர்க்கவில்லை. உமையாள் ஒளிப்புள்ளியை அணைத்துவிட்டு ராவை நோக்கித் திரும்பி, அதே கேள்வியை, அந்தத் திருத்தமான இங்கிலீஷில், ஒரு சொல்கூட விடாமல் முதலிலிருந்து சொன்னாள்.